வலிப்பு மருந்துக்கு ஒரு நாள் சம்பளமா விலை?

சென்ற மாதம் ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா நம்மைத் தனியே அழைத்தார். “மகனுக்கு வலிப்பு வருது தம்பி. மண்டோருக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார். மகன் செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து வெட்டும் வேலை. மாத்திரை தீர்ந்து மூன்று வாரமாம். ஏன் வாங்கவில்லை என்று கேட்டோம். “போனா ஒரு நாள் சம்பளம் போயிடுதே!” என்றார்.

தோழர்களே, இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்றும் அது சொல்கிறது. இது பேயுமல்ல, செய்வினையுமல்ல. மூளையில் ஓடும் மின்சாரம் சற்று நேரம் தாறுமாறாவதே வலிப்பு. ஆனால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

அரசாங்கக் கிளினிக்கில் நம் நாட்டுப் பிரஜைக்குக் கட்டணம் 1 வெள்ளி. சிறப்பு டாக்டரைப் பார்க்க 5 வெள்ளி. கட்டணம் மலிவுதான்; பயணம்தான் விலை. நரம்பு நோய் நிபுணர்கள் பெரும்பாலும் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறார்கள். விடியுமுன் கிளம்பி, நாளெல்லாம் காத்திருந்து, பத்து நிமிஷம் டாக்டரைப் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு லயத்துக்குத் திரும்புகிறோம்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், வேலை செய்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்புத் தருகிறது. அதற்கு எம்.சி. வேண்டும். தவணைக்குப் போய் வந்தவருக்குப் பல வேளைகளில் கிடைப்பதோ, வந்து போன நேரத்தைக் காட்டும் சீட்டு மட்டும்தான். அந்தச் சீட்டுக்குச் சம்பளம் யார் போடுவது?

தொலைமருத்துவச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 1997-இல். 2020-இல் கோவிட் வந்தபோது, டாக்டர்கள் நோயாளிகளை வீடியோவில் பார்க்கும் வழக்கம் பரவியது. அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தைத் தபாலில் பெறும் வழியும் இருக்கிறது. முதல் பரிசோதனைக்கும் மூளை ஸ்கேனுக்கும் நேரில் போகத்தான் வேண்டும். நோய் அடங்கியிருப்பவர் தவணைக்குத் தவணை நகரத்துக்கு அலையத்தான் வேண்டுமா?

ஆகவே நாம் கேட்பது இவைதான். தோட்டத்தில் நல்ல லைன் கிடைக்கும் ஓர் அறை வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரிடம் பேச முடியவேண்டும், கிராணி காதுபடப் பேசவைக்கக் கூடாது. அந்த நேரத்துக்குச் சம்பளம் வெட்டக்கூடாது. ஆபீசுக்கு வரும் மருந்துப் பொட்டலம் பிரிக்கப்படாமல் வீடு சேரவேண்டும். வலிப்பு உள்ளவரை வேலையை விட்டு நிறுத்தாமல், சம்பளம் குறையாமல், ஆபத்தில்லாத வேலைக்கு மாற்றவேண்டும்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயை மறைக்காதீர்கள். வலிப்பு வந்த தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். டாக்டர் கண்ணால் பார்க்க வாய்ப்பில்லாத நோய் இது; பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால் அவருக்குப் பெரிய உதவி. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் திணிக்காதீர்கள். அரிவாளையும் கல்லையும் அப்புறப்படுத்தி, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 999-ஐ அழையுங்கள்.

லயத்துக்குக் குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் தானாக வந்துவிடவில்லை. கேட்டோம், திரும்பத் திரும்பக் கேட்டோம், பெற்றோம். இதையும் அப்படித்தான் பெறவேண்டும். உங்கள் தோட்டத்தில் வலிப்பு, பாரிசவாதம், நடுக்குவாதம் என்று தவணைக்கு அலைகிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி அவர் மகன் பெயரை நாமும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவருக்காக நிர்வாகத்திடம் பேசாமல் இருக்கப்போவதுமில்லை.