காலம் விமர்சகன் அல்ல

'நல்லது நிற்கும், மற்றது போகும். காலமே பெரிய விமர்சகன்' என்று நம் வட்டத்தில் அடிக்கடி சொல்லப்படுகிறது. நானும் சொல்லியிருக்கிறேன். இது விமர்சனம் அல்ல, விமர்சனத்திலிருந்து தப்பித்துக்கொள்ளும் சோம்பல் என்பது இப்போது என் கட்சி.

என் சித்தப்பா மகன் பள்ளிக்கூட நாட்களில், உத்திரமேரூரில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, 'டிராகன் பால் இஸட்' என்ற ஜப்பானிய கார்ட்டூனின் சண்டைக் காட்சிகளை வெட்டி, ஒரு இளையராஜா பாட்டோடு ஒட்டி, மூன்று நிமிஷப் படம் ஒன்று செய்தான். தபேலா விழும் இடத்தில் அடி விழாது. அடிக்கு முந்திய ஓங்கல் மட்டும் நிற்கும். தாளத்தை அவன் விளக்கவில்லை, கேட்டிருந்தான். படத்தை ஏற்றிவைத்த தளம் பிற்பாடு மூடப்பட்டது. பிரதி இல்லை. கேட்டால், 'விடுங்கண்ணே, அதை யார் பாக்கப்போறாங்க' என்கிறான்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார். 'அடுத்தவன் படம், அடுத்தவன் பாட்டு. இதில் சிருஷ்டி எங்கே?' இதே நண்பர் 1931இல் வந்த 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட இல்லாமல் போனதே என்று மேடையில் உருகுகிறவர். அந்தப் படத்தில் கதைக்குச் சம்பந்தமில்லாத தியாகராஜ கீர்த்தனைகளும் தேசியப் பாட்டுகளும் ஒட்டப்பட்டிருந்தன என்பது அவருக்குத் தெரியும். ஒட்டுவேலை பழசானால் பாரம்பரியம், சிறுவன் செய்தால் குப்பை. இது ரசனையா, வயசுக்குக் கும்பிடா?

1982இல் அமெரிக்காவில் ஜிம் கபோஸ்டாஸ் என்ற இளைஞர் இரண்டு வீடியோ ரெக்கார்டர்களை இணைத்து, ஜப்பானிய கார்ட்டூனின் போர்க் காட்சிகளுக்குப் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைப் போட்டார். இந்த வகைக்கு அதையே தொடக்கமாகச் சொல்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் இணையத்தில் ஏற்றினார்கள். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. கூகுள் வீடியோ 2012இல். நம் நாட்டில் 2020 ஜூன் 29 அன்று ஒரே உத்தரவில் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் தடையாயின. தடைக்கு அரசியல் நியாயம் இருக்கலாம். ஆனால் அன்று கண்ணுக்கு மறைந்த படங்களில் நல்லது எது, அல்லது எது என்று காலம் சலித்துப் பார்த்ததா? சல்லடையே இல்லை. கதவு சாத்தப்பட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக நிற்கின்றன. நிற்பதற்குக் காரணம் அவற்றின் உரைநடை அல்ல. சபையிடம் கல் இருந்தது, கொத்த ஆள் இருந்தது. நிலமும் வேதமும் உள்ளவனே சபைக்கு வரலாம் என்ற விதி நின்றது. அன்று நாற்று நட்டவள் என்ன பாடினாள் என்பதைக் கொத்த எவரும் இல்லை. அவள் பாட்டு மட்டம் என்று காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டதா?

கோட்டையூர் ரோஜா முத்தையா, நல்லது கெட்டது பார்க்காமல் புத்தகத்தோடு நாடக நோட்டீஸையும் அழைப்பிதழையும் சேர்த்தார். அது இன்று சென்னையில் ஒரு நூலகம். அவருக்குப் பதில் நம்மைப் போன்ற ரசனைக்காரர் ஒருவர் சேர்த்திருந்தால் பாதியைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டிருப்பார்.

நான் வங்கி குமாஸ்தா. பதிவேடுகளில் சிலவற்றை 5 ஆண்டும் சிலவற்றை 8 ஆண்டும் காப்பாற்றச் சொல்கிறது 1985ஆம் ஆண்டு விதி. கடன் கணக்குக்கு உள்ள இந்தக் குறைந்தபட்ச மரியாதைகூடப் பெயரில்லாதவன் வேலைக்கு இல்லை. முதலில் பிரதி இருக்க வேண்டும், பிறகுதான் தீர்ப்பு. பார்க்காததைக் குப்பை என்பவன் விமர்சகன் அல்ல.

அந்தக் கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு: பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி சபைக்கு வரக்கூடாது. நம் வட்டத்துக்கும் அதை வைத்துப் பார்க்கலாம். எத்தனை பேர் மிஞ்சுவோம்?