கறுப்புத் தண்ணீரில் ஒரு மாலை

நமது ஜனங்களுக்கும் ஸமுத்திரத்துக்கும் உள்ள சிநேகம் மிகவும் விசித்திரமானது. மாலை வேளையில் கடற்கரைக்குப் போகிறோம், மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறோம், சர்க்காரைத் திட்டுகிறோம், காற்று நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம். கொஞ்சம் தைரியசாலிகள் கணுக்கால் நனைகிற வரையில் போய், அலை வந்ததும் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். மீன் பிடிக்கும் பரதவரையும் சங்கு குளிப்போரையும் நான் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஜீவனம் செய்யும் நம்மைப் போன்றவர்களைத்தான் சொல்கிறேன். அடியேனும் ஐம்பது வருஷம் இவ்விதமே கடலுடன் பழகி வந்தவன்.

இந்த வழக்கத்தைக் கெடுத்தவன் என் சகோதரியின் மகன். அவனுக்கு அந்தமானில் உத்தியோகம். "மாமா, கடலைக் கரையிலிருந்து பார்ப்பது கல்யாணத்துக்குப் போய்ப் பந்தலை மட்டும் பார்த்துவிட்டு வருகிற மாதிரி" என்று எழுதினான். ரோஷம் வந்துவிட்டது. பட்டணத்து நீச்சல் குளத்தில் ஆறு மாதம் தண்ணீர் குடித்து, ஒருவாறு நீந்தக் கற்றுக்கொண்டு, சென்ற தை மாதம் புறப்பட்டேன்.

முதல் நாள் அந்தத் தீவுகளின் தலைநகரில் செல்லுலார் சிறையைப் பார்த்தோம். 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்த கட்டிடம் அது. அதன் மாடியில் நின்று பார்த்தால் கடல்தான் தெரிகிறது. 1858-லிருந்தே ஆங்கில ஆட்சியாளர் நம் தேசபக்தர்களை இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்து தள்ளினார்கள். கடல் கடந்தால் ஜாதி போய்விடும் என்று அஞ்சிய ஜனங்களுக்கு, எந்தக் கல் சுவரையும்விட இந்த நீர்ச் சுவர் கொடியதாயிருந்தது. அதனால்தான் 'காலாபானி', அதாவது கறுப்புத் தண்ணீர், என்ற பெயர் அச்சத்துக்கே மறுபெயராயிற்று.

மறு நாள் கப்பலேறி, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்வராஜ் தீவுக்குப் போனோம். முன்பு அதற்கு ஹாவ்லாக் தீவு என்று பெயர். 1857-இல் கான்பூரிலும் லக்னௌவிலும் நம்மவரை எதிர்த்துப் படை நடத்திய தளபதி ஹாவ்லாக். பக்கத்துத் தீவு நீல் துரையின் பெயரைத் தாங்கியிருந்தது. அந்த நீல் துரையின் சிலையைச் சென்னை மவுண்ட் ரோடிலிருந்து அகற்ற 1927-இல் நம் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றதும், ராஜாஜி மந்திரிசபை 1937-இல் அதை அகற்றியதும் நேயர்கள் அறிந்ததே. தீவுகளின் பெயர் மாறுவதற்கு 2018 டிசம்பர் 30 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. நேதாஜி அந்தமான் மண்ணில் தேசியக் கொடியை ஏற்றி அன்றைக்கு 75 வருஷம் பூர்த்தியாயிற்று.

அவர் கொடியேற்றிய அதே 1943-ஆம் வருஷத்தில்தான், பிரான்ஸ் தேசத்தில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் காக்னான் என்ற இஞ்சினீயரும் நீருக்குள் சுவாசிக்கும் கருவியைச் செய்து முடித்தார்கள். அதன் சந்ததியைத்தான் நான்கு நாள் பயிற்சிக்குப் பிறகு என் முதுகில் கட்டினார்கள். பலரும் நினைப்பது போல் அந்தக் குப்பியில் இருப்பது பிராணவாயு அல்ல. நாம் தினம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுத்தான். சுமார் 200 மடங்கு அழுத்தி அடைத்திருக்கிறார்கள்.

தீவுகள் வெகு கிழக்கே இருக்கின்றன, கடிகாரமோ நம்முடையதே. ஆகையால் தை மாதத்தில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறான். நீர் ஏற்றம் பார்த்து, கோவிந்த நகர்க் கடற்கரையிலிருந்து நானும் மருமகனும் ஆசிரியரும் விளக்குடன் நடந்தே இறங்கினோம்.

ஆறு மீட்டர் ஆழத்தில் ஓர் ஊரே விளக்கு வைக்கும் நேரமாயிருந்தது. பகல் மீன்கள் பவளப் பாறைப் பொந்துகளில் ஒண்டிக்கொண்டிருந்தன. கடற்சாமந்தியின் கொடுக்கு இழைகளுக்கு நடுவே ஆரஞ்சு வர்ண மீனொன்று, தாய் மடியில் குழந்தை போல் முடங்கியிருந்தது. கிளியைப் போல் அலகுள்ள மீன் ஒன்று, தன் வாயிலிருந்து சுரந்த மெல்லிய திரையைச் சுற்றிலும் போர்த்துக்கொண்டு நித்திரை செய்தது. கொசு வலைக்குள் படுத்திருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். மருமகனின் விளக்கைக் காணவில்லை. ஆசிரியரின் விளக்கும் தெரியவில்லை. நாலு பக்கமும் இருட்டு. மூச்சு இரைத்தது. ஒரே பாய்ச்சலாக மேலே போய்விடலாமா என்று தோன்றிற்று. அதைவிட அபாயம் வேறில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் சுவாசித்த காற்று, மேலே வரும்போது இரண்டு பங்காகப் பெருகுகிறது. பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு எழும்புகிறவனுடைய நுரையீரல் கிழிந்து போகும். ஆகவே, தப்ப விரும்புகிறவன் நிதானமாக மூச்சு விட வேண்டும். நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். இருபது எண்ணுவதற்குள் ஒரு கை என் தோளைத் தொட்டது. ஆசிரியர் ஒரு பாறைக்கு அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறார், மருமகனும் உடனிருந்தான். நான்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டே விலகிப் போயிருக்கிறேன்!

பிறகு அவர் விளக்கை மார்போடு அணைத்து மறைக்கச் சொல்லி ஜாடை காட்டினார். கையை வீசினேன். விரல் நுனிகளிலிருந்து நீலப் பொறிகள் பறந்தன! கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள், தண்ணீர் கலைந்ததும் ஒளி விடுகின்றனவாம். கறுப்புத் தண்ணீர் என்று எந்தக் கடலைக் கண்டு தேசமே நடுங்கியதோ, அதற்குள்ளே இத்தனை வெளிச்சம் இருந்தது.

கரை ஏறியதும் பிடித்த பசியை வர்ணிக்க முடியாது. கூப்பிடு தூரத்தில் ஒரு வங்காளியின் ஓலைக் கூரைச் சாப்பாட்டுக் கடை. ஈரத் தலையுடன் பெஞ்சியில் உட்கார்ந்தோம். ஆவி பறக்கும் சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் பொரித்த மீன். "ரசம் இல்லையே!" என்று முணுமுணுத்தவன், சிறையில் முந்தின நாள் கேட்டதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். 1933-இல் அங்கே உண்ணாவிரதமிருந்த கைதிகளில் மூவர் உயிர் துறந்தனர்.

கடைக்காரரின் பாட்டனார், தேசப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்து வீடு வாசலை இழந்து, 1950-களில் சர்க்கார் குடியேற்றியவர்களுடன் இங்கு வந்தவராம். "கப்பல் ஏறியபோது உறவினரெல்லாம் காலாபானிக்குப் போகிறான் என்று அழுதார்களாம். தாத்தா இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, 'இங்கே மீன் கிடைக்குமா?' என்பதுதான்" என்று சொல்லிச் சிரித்தார். சோற்றுக்கு வழி தேடி வந்தவருக்குக் கடல் சுவராகத் தோன்றவில்லை.

தீவின் பெயரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். நெஞ்சிலுள்ள பயத்துக்கு உத்தரவு போட முடியுமா? அதற்குத் தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும். எல்லோரும் குப்பி கட்டிக்கொண்டு முங்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. முதலைகள் திரியும் கழிமுகங்களும் அத்தீவுகளில் உண்டு; உள்ளூராரைக் கேளாமல் எங்கும் இறங்கலாகாது. ஆனால் வீட்டுக் குழந்தைகளுக்கு, பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து, நீந்தவாவது கற்றுக் கொடுக்கலாமே! பாட்டுக்கும் கணக்குக்கும் வாத்தியார் வைக்கிற நாம், உயிரைக் காக்கும் இந்த வித்தையை மட்டும் ஏன் மறந்தோம்?

கை கழுவும்போது மருமகன் கேட்டான்: "மாமா, நாளைக்கும் இறங்கலாமா?"

"நீர் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று விசாரி" என்றேன்.