சமையற்காரரின் பெயர்

சமையற்காரர் ஒருவரின் பெயரைச் சிறு குழந்தைகளும் அறிந்து சொல்லும் காலம் நமது தமிழ்நாட்டில் வந்துவிட்டது. டாக்டர், வக்கீல் முதலியோரைத் தொழிற்பெயருடன் சேர்த்து வழங்குவது போலவே, செஃப் தாமு என்றும் செஃப் வெங்கடேஷ் பட் என்றும் ஜனங்கள் மரியாதையுடன் வழங்குகின்றனர். 2019-ஆம் ஆண்டு நவம்பரில் விஜய் தொலைக்காட்சியில் 'குக்கு வித் கோமாளி' ஆரம்பமானபோது இவ்விருவரும் நடுவர்களாய் அமர்ந்தனர். தோல் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வாரமெல்லாம் உழைத்து ஓய்ந்த நமது ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்க் குடும்பங்களும் அதைக் கண்டு களித்தன. இதை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிட நாம் உடன்படோம். இதன் பின்னால் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது.

அந்த நியாயம் யாது? நளபாகம், வீமபாகம் என்று நாம் நாவினிக்கப் பேசுகிறோம். நளன் யார்? நாடிழந்து, உருமாறி, பிறனிடம் ஊழியம் செய்த அரசன். வீமன் யார்? விராடன் மடைப்பள்ளியில் மறைந்து வாழ்ந்த அரசகுமாரன். சமையலுக்காக நாம் கொண்டாடும் இருவருமே சமையற்காரராகப் பிறந்தவரல்லர். மன்னர் வேடம் மாறி வந்தவர்கள். வேடமின்றி, தலைமுறை தலைமுறையாய் அடுப்பருகே நின்று வெந்தவனின் பெயரை நமது கதைகளும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. உண்ட பின் 'சாப்பாடு பிரமாதம்' என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக் கைகுலுக்கி வருவதே நமது வழக்கம்.

இவ்வழக்கம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பியர்டு என்பவர் தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டினார். 1963-ஆம் ஆண்டில் ஜூலியா சைல்டு என்னும் பெண்மணி பாஸ்டன் நகரிலிருந்து பிரெஞ்சுச் சமையலைக் கற்பித்து, தேசமெங்கும் புகழ் பெற்றார். நமது இந்தியாவில் 1993-ஆம் ஆண்டில் சஞ்சீவ் கபூர் ஜீ தொலைக்காட்சியில் 'கானா கஜானா'வைத் தொடங்கினார். 2017-ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. கரண்டி பிடித்த கைக்குத் தேசத்தின் விருது கிடைத்ததைக் கண்டு மகிழாதவர் யார்?

தமிழ்நாட்டில் இவ்வகையில் நாம் முதலில் நினைக்க வேண்டியவர் ஜேக்கப் சகாயகுமார் அருணி. தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தைச் சேர்ந்த இவர் சன் தொலைக்காட்சியில் 'ஆஹா என்ன ருசி' என்னும் நிகழ்ச்சியை நடத்தினார். அயல்நாட்டுப் பண்டங்களைச் சமைத்துக் காட்டினால்தான் மதிப்பு என்று பலரும் எண்ணியிருந்த நாளில், கொங்குநாடு முதலிய பகுதிகளின் பழைய உணவு வகைகளைத் தேடிக் கற்று, அவற்றையும் ஆராய்ச்சிக்குரிய கல்வியாக மதித்தவர் அவர். இருபத்துநான்கு மணி நேரம் இடைவிடாது தணலில் சமைத்துக் கின்னஸ் சாதனையும் புரிந்தார். 2012-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, முப்பத்தெட்டே வயதில், மாரடைப்பால் காலமானார். அன்று தமிழ்நாட்டில் எத்தனையோ இல்லங்கள் தம் வீட்டுப் பிள்ளையை இழந்தது போல் வருந்தின. ஒரு சமையற்காரருக்காக ஊரார் கண்ணீர் விட்டது புதுமை, போற்றத்தக்க புதுமை.

இனி, நமது ஊரைப் பார்ப்போம். ஆம்பூர் பிரியாணியின் பெயரை அறியாத தமிழர் இல்லை. ஆற்காட்டு நவாபின் சமையற்கூடத்திலிருந்து வந்த பக்குவம் இது என்பது ஊர் வழக்கு. சீரகச் சம்பா அரிசியை அரைவேக்காட்டில் வடித்து, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் வெந்த இறைச்சியுடன் சேர்த்து, தேக்சாவின் மூடிமேல் தணலைப் பரப்பித் தம் போடுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். நீர் ஒரு படி மிகுந்தால் சோறு குழையும். தணல் சிறிது தணிந்தால் அரிசி விறைக்கும். இந்த அளவெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பண்டாரியின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. விடியுமுன் விறகடுப்பை மூட்டிப் புகையில் நின்று கண் சிவக்கும் அந்தப் பண்டாரியின் பெயர் என்ன? கடைப் பலகையில் முதலாளியின் பெயர் இருக்கிறது. ஊரின் பெயர் இருக்கிறது. சமைத்தவரின் பெயரை அங்கே காணோம்.

இந்த அநியாயம் நமக்குப் புதிதன்று. நமது தோலும் இவ்வாறே கடல் கடந்து செல்கிறது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பதனிட்டுத் தைத்த பாதரட்சை, அயல்நாட்டுக் கடைகளில் அயல்நாட்டார் முத்திரையுடன் விலையாகிறது. அதைத் தைத்த பெண்ணின் பெயரை அணிபவர் அறியார். தோலில் இந்தக் குறையைக் கண்டு மனம் பொறுக்காத நாம், சோற்றில் அதே குறையை நமது ஊரிலேயே, நமது கையாலேயே செய்துவருவது தகுமா?

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்துவதாகத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் மாநில ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணங் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இவ்வூர் உழைப்பாளர் பலரின் உணவை இவ்வூர் விழாவிலிருந்தே விலக்கியது தவறு என்பது நமது அபிப்பிராயம். ஒருவருடைய உணவை விலக்குவது, அதைச் சமைப்பவரையும் உண்பவரையும் சேர்த்து விலக்குவதாகும். ஆனால் அத்தனை வாதப் பிரதிவாதத்துக்கிடையிலும், விழாவில் எந்தப் பண்டாரியைக் கௌரவிப்பது என்று எவரேனும் கேட்டதாக நமது செவிக்கு எட்டவில்லை.

'கூலி கொடுக்கிறோம், பெயர் எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். பெயர் இருக்கும் இடத்தில்தான் கூலியும் உயரும் என்பதை அவர்கள் அறியாதவரல்லர். தொலைக்காட்சிச் சமையற்காரர் தம் பெயரைக் கொண்டு விலை பேச முடிகிறது, பண்டாரியால் முடியவில்லை. சட்டமும் இங்கே பெரிதாய் உதவாது. சமையற் குறிப்பிலுள்ள பொருள்களின் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஊரின் பெயரைக் காக்குமேயன்றி, தனி ஒருவரின் கைத்திறனுக்கு உரிமை வழங்காது. ஆகவே சட்டம் செய்யாததை நமது வழக்கம் செய்ய வேண்டும்.

நாம் கோருவன மூன்று. முதலாவது, ஓட்டல் முதலாளிகள் தம் கடையில் விலைப்பட்டியல் தொங்கும் இடத்திலேயே சமையல் மாஸ்டரின் பெயரையும் எழுதிவைக்கட்டும். இதற்குச் செலவு ஒரு டப்பி வர்ணமே. இரண்டாவது, புகழ் பெற்ற செஃப்கள் ஆம்பூர் பிரியாணியைத் திரையில் சமைக்கும்போது, அதை யாரிடம் கற்றனரோ அவருடைய பெயரைச் சொல்லட்டும். இயலுமாயின் அவரையே அழைத்துப் பக்கத்தில் நிறுத்தட்டும். இதனால் அவர்களுடைய புகழ் குறையாது; பெருகும். மூன்றாவது, தமிழக அரசின் நலவாரியங்களில் தோல் பதனிடும் தொழிலாளருக்கு ஒன்று இருப்பது போலவே சமையல் தொழிலாளருக்கும் ஒன்று இருக்கிறது. விபத்து நிவாரணம், பிள்ளைகளின் கல்விக்கு உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவை அதன்மூலம் கிடைக்கக்கூடியவை. பதிவு செய்யாதவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தொழிற்சங்க நண்பர்கள் தோல் ஷாப்பு வாசலில் நிற்பது போல், ஒரு நாள் பிரியாணிக் கடையின் பின்வாசலிலும் நின்று, அங்குள்ளோரைப் பதிவு செய்விக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.

நேயர்களே! தொலைக்காட்சி ஒரு சிலருக்குப் பெயர் கொடுத்தது. அவர்களைக் கண்டு நாம் பொறாமை கொள்ளவில்லை. அவர்கள் திறந்த கதவு மற்றவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றே கேட்கிறோம். அடுத்த முறை கலியாண வீட்டில் வயிறார உண்டு எழுந்ததும், வீட்டுக்காரரிடம் விடைபெறுமுன் கொல்லைப்புறம் செல்லுங்கள். தேக்சாவைக் கழுவிக்கொண்டிருக்கும் மனிதரிடம், 'ஐயா, தங்கள் பெயர் என்ன?' என்று கேளுங்கள்.