மூன்று நாள் ஓய்வு யாருக்கு?

ஜப்பானியர் ஜனவரி முதலாம் திகதியைப் புத்தாண்டாகக் கொண்டாடத் தொடங்கியது 1873 இல்தான். அதற்கு முன்னர் சந்திரனை ஒட்டிய பழைய நாட்காட்டியே அவர்களிடம் இருந்தது. நாட்காட்டி மாறியபோதும் ஆண்டை ஒழுங்காக முடித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அரச அலுவலகங்கள் மூடப்படுகின்றன. அதற்குள் வீடு முழுவதும் துப்புரவாகிவிட வேண்டும். இதனை ஓசோஜி, அதாவது பெருந்துப்புரவு என்பார்கள்.

இந்த விடுமுறைக்கென்றே சமைக்கப்படும் உணவு ஓசெச்சி. அரக்குப் பூசிய அடுக்குப் பெட்டிகளில் மீன்சினை, இறால், கடற்பாசிச் சுருள் எனப் பலவற்றை அழகாக அடுக்கி வைப்பார்கள். சீனி, சோயா, வினாகிரி சேர்த்துச் சமைப்பதால் அவை சில நாட்களுக்குக் கெடுவதில்லை. புத்தாண்டின் முதல் மூன்று நாட்களும் இல்லத்தரசி அடுப்புப் பற்ற வைக்காமல் ஓய்வெடுக்கவே இந்த ஏற்பாடு என்று விளக்கம் சொல்கிறார்கள். கேட்க இனிமையான விளக்கம்தான். என்னால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை.

என் சாச்சி, சாச்சாவின் வாகன வியாபாரம் காரணமாகச் சில வருடங்கள் நாகோயாவில் இருந்தவர். பக்கத்து வீட்டு மூதாட்டி டிசம்பர் 29, 30, 31 ஆகிய மூன்று நாட்களும் குசினியை விட்டு நகரவில்லை என்று அவர் சொல்வார். கறுப்புச் சோயா அவரையை முதல் நாளிரவே ஊற வைக்க வேண்டும். தோல் சுருங்காதபடி மெல்லிய நெருப்பில் மணிக்கணக்கில் அவிக்க வேண்டும். அவரைக்கு ஜப்பானிய மொழியில் 'மமே' என்று பெயர். அதே ஒலியுள்ள சொல்லுக்குச் சுறுசுறுப்பு, ஆரோக்கியம் என்ற பொருள்களும் உண்டு. வருடம் முழுவதும் சலிக்காமல் உழைக்க வேண்டும் என்று வாழ்த்தித்தான் அதை உண்கிறார்கள். அதை அவித்தவளுக்கு அந்த வாழ்த்து வேறு வேண்டுமா!

மூன்று நாள் ஓய்வுக்கு மூன்று நாள் முன்கூட்டிய உழைப்பு. கணக்குப் பார்த்தால் மிச்சம் எதுவுமில்லை. அந்த மூன்று நாட்களிலும்கூட மோச்சி எனும் அரிசிக் கட்டி இட்ட சூப்பைச் சூடாக்கவும், விருந்தினருக்குத் தேநீர் வைக்கவும், கோப்பைகளைக் கழுவவும் யாரோ எழுந்துதான் ஆகவேண்டும். (பெருநாள் இரவுகளில் எமது குசினிகளில் நெடுநேரம் அணையாத விளக்கை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.)

இத்தனைக்கும் வேலையைப் பகிரத் தெரியாத சமூகமல்ல அது. கியோட்டோவின் ஹிகாஷி ஹொங்கான்ஜி விகாரையில் ஒவ்வொரு டிசம்பர் 20 ஆம் திகதியும் பக்தர்கள் வரிசையாக அமர்ந்து மூங்கில் தடிகளால் தரைப்பாய்களைத் தட்ட, பெரிய விசிறிகளால் தூசை வெளியே விசிறி விடுகிறார்கள். பாடசாலைகளிலும் வகுப்பறையைத் துடைப்பது மாணவர்களே. தவணை முடிவில் அங்கேயும் ஓசோஜி உண்டு. ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு அங்கே இல்லை. அதே பையன் வீடு திரும்பியதும் துணியைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் அமர்ந்தால், பாடசாலை கற்பித்தது எங்கே போயிற்று?

இப்போது பல குடும்பங்கள் கடைகளில் ஆயத்த ஓசெச்சிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கின்றன. மரபு அழிகிறது என்று வருந்துவோரும் உண்டு. நான் வருந்தமாட்டேன். அந்த மூதாட்டி கடைசி இரவிலாவது கால் நீட்டி அமர்ந்தால் அது நல்லதே. ஆனால் பெட்டிகளை அடுக்கவும், கொண்டுவந்து சேர்க்கவும், கடையில் நிற்கவும் வேறு யாரோ விழித்திருக்க வேண்டியிருக்கிறது. அதனை உணர்ந்தோ என்னவோ, சில பேரங்காடிகள் அண்மைக் காலமாகப் புத்தாண்டின் முதல் நாட்களில் கதவைச் சாத்தி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பி வைக்கின்றன.