"யாமிருக்க பயமேன்" என்று முருகன் சொன்னது குதிரை ரேசுக்கு இல்லை

வேலும் மயிலும் துணை.

போன சனிக்கிழமை சாயங்காலம் அர்ச்சனைத் தட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு தட்டில் தேங்காய்க்கு அடியில் ரேஸ் புத்தகம் மடித்து வைத்திருந்தது. "என்னப்பா இது?" என்று கேட்டோம். "அண்ணே, காசு கட்டும்போது தோத்துடுவோமோன்னு பயம் வருது. பயம் போனாத்தான் ஜெயிக்க முடியும்னு கூட்டாளி சொல்றான். முருகனே யாமிருக்க பயமேன்னுதானே சொல்றாரு?" என்றார் அந்தத் தம்பி.

இது அவர் ஒருவருடைய கதை இல்லை. அதனால்தான் எல்லாருக்குமாக எழுதுகிறோம். யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

நாங்கள் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள். புதுசாக வருகிறவன் மெஷினைப் பார்த்துப் பயப்படுவான், கையைத் தள்ளியே வைத்திருப்பான். நாங்கள் பார்த்த வரையில் விரல் போனதெல்லாம் பயம் விட்டுப்போன பழைய ஆட்களுக்குத்தான். பயம் என்பது மெஷினுக்குப் போட்ட தடுப்பு மாதிரி. அதைக் கழற்றச் சொல்கிறவன் உங்கள் கூட்டாளியா?

தைரியம் வந்தால் ஜெயிக்கலாம் என்கிறீர்களே, கணக்கைப் பாருங்கள். டோட் ஆட்டத்தில் எல்லார் காசும் ஒரே குவியலாகச் சேரும். கிளப் பங்கும் வரியும் முதலில் போகும். மீதிதான் ஜெயித்தவர்களுக்கு. அந்தக் கழிவு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், கணக்குக்காக நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் ஆளுக்கு 10 வெள்ளி போட்டால் 1,000. திரும்பி வருவது 800. அதையே அடுத்த ரேசில் போட்டால் 640. இப்படியே ஐந்து ரேஸ் முடிந்தால் மொத்தக் கூட்டத்தின் கையிலும் இருப்பது சுமார் 330 வெள்ளி. 100 பேரும் புலி மாதிரி தைரியமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. புக்கியிடம் கட்டினால் கழிவு இல்லை என்பார்கள். அது 1953-ஆம் ஆண்டு பந்தயச் சட்டப்படி குற்றம். கடன் சொல்லிக் கட்டினால் வசூலுக்கு வீட்டு வாசலுக்கே வருவார்கள்.

"இது சூதாட்டம் இல்ல, திறமை. இந்தியாவில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்று ஒரு அண்ணன் வாதம் செய்தார். உண்மைதான். தமிழ்நாட்டில் 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள், 1996-ல் கோர்ட் அதைத் திறமை ஆட்டம் என்று சொல்லிவிட்டது. ஆனால் கோர்ட் உங்கள் வீட்டு அரிசிப் பானைக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை.

குதிரையைப் பற்றி நளனை விட அறிந்தவர் யார்? குதிரையின் மனசே தெரிந்தவர். அவரே சூதில் நாட்டை இழந்தார். "மறுபடி ஆடி மீட்டாரே" என்பீர்கள். அதற்கு முன்னால் தமயந்தியை நடுக்காட்டில் விட்டுப் போனார், உருவம் மாறி இன்னொரு ராஜாவுக்குத் தேர் ஓட்டினார். உங்கள் வீட்டுத் தமயந்தி அதுவரை எங்கே போவார்? சனிக்கிழமை எள் தீபம் ஏற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரேசுக்குப் போகிறவர்கள், திருநள்ளாற்றில் நளன் எதற்காகப் போய் நின்றார் என்று யோசியுங்கள்.

மக்காவுவில் 2024 மார்ச் மாதத்தோடு ரேஸ் முடிந்தது. சிங்கப்பூரில் 180 வருஷத்துக்கு மேல் இருந்த கிளப், அதே வருஷம் அக்டோபர் 5-ஆம் தேதி கடைசி ரேசை ஓட்டியது. திடல் மூடினாலும் பழக்கம் மூடவில்லை, கைப்பேசிக்குள் போய்விட்டது. அதே 2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்தது. 50 வெள்ளி இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரத்துக்குக் கொடுத்த அந்தக் காசு எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

நம் அப்பா அம்மா விடியற்காலையில் பிரட்டுக்குப் போய், அட்டைக் கடியில் பால்மரம் வெட்டினார்கள். தோட்டத்தை விற்றபோது லயத்தைக் காலி செய்து, சட்டி பானையோடு பட்டணத்துக்கு வந்தார்கள். அவர்களிடம் பயம் இருந்தது. நாளைக்குப் பிள்ளைக்குச் சோறு இருக்குமா என்ற பயம். அந்தப் பயம்தான் நம்மைப் படிக்க வைத்தது. அதை முருகன் காலடியில் வைத்துக் கழற்றப் பார்ப்பது நன்றி கெட்ட வேலை.

நாங்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் குழுவில் இரண்டு பேர் ஈப்போ திடலில் முழுச் சம்பளத்தையும் விட்டவர்கள். ஒருவர் மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடையில் மூழ்கிப்போனது. அந்த வீட்டில் இன்னும் மஞ்சள் கயிறுதான்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனிமேல் ரேஸ் புத்தகமோ நம்பர் எழுதிய சீட்டோ இருக்கும் தட்டை நாங்கள் கையால் தொட மாட்டோம். சீட்டைத் திருப்பிக் கொடுப்போம், ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டோம். பூஜை முடிந்ததும் அன்னதானக் கூடத்தில் உட்காருங்கள், நாங்களும் பக்கத்தில் உட்காருகிறோம். கடன் எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் கூட வருகிறோம்.

முருகன் பயமேன் என்று கேட்பது அந்தப் பயத்தைத்தான்.

வீட்டில் தம்பிமார்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். அரோகரா.