மெஷின் விற்க வந்த தம்பியும் எங்கள் போர் தண்ணீரும்

போன வாரம் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். இரண்டு டம்ளர் கேட்டார். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தண்ணீர் துரு நிறத்தில் கலங்கிவிட்டது. அவருடையது பளிங்கு மாதிரி அப்படியே இருந்தது. "இதையாங்க இத்தனை வருஷமாக் குடிச்சோம்?" என்று என் வீட்டம்மா ஆடிப்போய்விட்டார். மெஷின் விலை 18,000 ரூபாய்.

நான் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன். அவர் டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, "இப்பப் போடுங்க தம்பி" என்றேன். அதுவும் கலங்கியது. அந்த நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரையும்.

எங்களுடையது ஓரளவு கடின நீர்தான், மறுக்கவில்லை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பணம் கட்டிப் பார்த்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 260 மில்லிகிராம், மொத்தக் கரைந்த உப்புகள் 450. இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை 200 வரை இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. கடினத்தன்மைக்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். உடம்புக்கு வேண்டியவைதானே!

தொல்லை சோப்புக்கும் ஹீட்டருக்கும்தான். என் ஹீட்டர் காயில் ஒருமுறை வெடித்தது, சுத்தம் செய்யாத என் சோம்பலால். இப்போது வருடம் ஒருமுறை ஆள் வைத்துப் படிவை எடுத்துவிடுகிறேன், சூட்டையும் குறைத்தே வைக்கிறேன். ஷவரில் அடைப்பு வந்தால் வினிகர் ஊற்றிய பாலிதீன் பையை அதில் கட்டி, ஒரு ராத்திரி விட்டால் போதும். துணி ஊறவைக்கும்போது ஒரு ஸ்பூன் சலவைச் சோடா. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தால் கடினத்தன்மை தரும் உப்பில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். பள்ளியில் தற்காலிகக் கடினத்தன்மை என்று படித்தோமே, அதுதான்.

ஆர்.ஓ.வே கூடாது என்று சொல்லவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடு பிரச்சினை வேறு. அதற்காகத்தான் ஒகேனக்கல் திட்டமே வந்தது. ஆனால் 500-க்குக் கீழே கரைந்த உப்புகள் உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே உத்தரவிட்டது. ஒரு லிட்டர் குடிக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுவதை, கோடையில் குடத்தோடு நிற்கும் ஊரில் எப்படி ஏற்பது?

ஆகவே முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். மெஷினைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. "டார்கெட் சார்" என்றார் பாவம். வீட்டம்மா காபி போட்டுக் கொடுத்தார். போர் தண்ணீர் காபிதான், முழுசாகக் குடித்துவிட்டுப் போனார்.