காப்புறுதியில்லாத வண்டி மோதினால்

கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்திலிருந்து புறப்படும் பவுசர்களும் தெமட்டகொடைக்கும் வெல்லம்பிட்டிக்கும் இடையே ஓடும் முச்சக்கரவண்டிகளும் ஒரே வீதியில் முட்டிமோதும் பகுதியில், விபத்து நேர்ந்ததும் இரு தரப்பினரும் முதலில் கேட்பது "இன்சூரன்ஸ் இருக்கா?" என்பதே. எதிர்த்தரப்பின் விடை 'இல்லை' என்றால், அடிபட்டவரின் நிலை பலரும் எண்ணுவதைவிடச் சிக்கலானது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாந்தரப்புக் காப்புறுதியை மட்டுமே. ஒப்பந்தத்தில் காப்புறுதி நிறுவனமும் வாகன உரிமையாளரும் இரு தரப்பினராக, அவ்வாகனத்தால் உயிரிழக்கும் அல்லது காயமடையும் வெளியாள் மூன்றாந்தரப்பாகிறார். ஆகவே ஒருவர் தம் கையில் வைத்திருக்கும் 'தேர்ட் பார்ட்டி' அட்டை தம் எலும்பு முறிவுக்கோ நசுங்கிய கதவுக்கோ ஒரு சதமும் தராது. அவரைக் காக்க வேண்டியது, முன்பின் அறியாத வேறொருவர் எடுத்திருக்க வேண்டிய அட்டை. அந்த அட்டை இருந்தால், அடிபட்டவர் வழக்குத் தொடுக்கும் முன்போ தொடுத்த ஏழு நாட்களுக்குள்ளோ நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுத்து, பெறும் தீர்ப்புத் தொகையை நிறுவனத்திடமே அறவிடலாம். அட்டை இல்லையேல் இந்த வழி அடைபட்டுவிடும்.

ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுகையில் புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு காப்புறுதிச் சான்றிதழையும் காட்ட வேண்டியிருக்க, காப்புறுதியற்ற வண்டி வீதியில் எவ்வாறு ஓடுகிறது என்று கேட்கலாம். அனுமதிப்பத்திரம் காலாவதியான பின்னும் வண்டி ஓடுகிறது என்பதே எளிய விடை. 'ஓப்பன் பேப்பரில்', அதாவது பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட படிவத்தோடு கைமாறிய வண்டியில், காப்புறுதி இருந்தாலும் அது பழைய உரிமையாளரின் பெயரிலேயே இருப்பதால், நிறுவனம் தகராறு செய்ய இடமுண்டு.

முழுக் காப்புறுதி வைத்திருப்பவர் வண்டிச் சேதத்துக்குத் தம் நிறுவனத்திடமே உரிமை கோரலாம். உரிமைக்கோரல் இல்லாத ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் கிடைத்த கழிவை, அதாவது 'நோ க்ளைம் போனஸை', தம் பிழையின்றியே இழக்க நேரலாம் என்பது அதன் கசப்பு. பணம் கொடுத்த நிறுவனம் பிறகு அவரது இடத்தில் நின்று தவறிழைத்தவரிடம் அத்தொகையை மீட்கும் உரிமை பெறுகிறது. வீதியோரத்தில் 'பேசி முடித்து', சிறு தொகைக்கு இனிப் பிரச்சினை இல்லையென்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தவர் அந்த உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடுவதால், நிறுவனம் பின்னர் கைவிரித்தால் அதைக் குறைகூற இயலாது.

முழுக் காப்புறுதியில்லாதவருக்கும் காயம்பட்ட பாதசாரிக்கும் எஞ்சுவது பெரும்பாலும் மாவட்ட நீதிமன்றம். அங்கு உரோம-டச்சுச் சட்டப்படி எதிரியின் கவனயீனத்தை நிறுவ வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தொடுத்தாக வேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் சாரதி செலுத்தும் அபராதம் அரசுக்கே போகிறது என்பதைப் பலர் அங்கே போன பிறகுதான் அறிகிறார்கள்.

கட்டாயக் காப்புறுதியை 1930இல் கொண்டுவந்த பிரித்தானியா, காப்புறுதியற்ற சாரதிகளால் பாதிக்கப்பட்டோருக்கென நிறுவனங்களே பணம் போடும் பொது அமைப்பொன்றை 1946இல் உருவாக்கிற்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் வேறொரு வழியைக் காட்டியது: விபத்தில் சிக்கிய காப்புறுதியற்ற வண்டியை, உரிமையாளர் போதிய பிணை வைத்தாலன்றி விடுவிக்காமல், பின்னர் ஏலத்தில் விற்று நட்டஈட்டுக்கு வைப்பிலிட விதிகள் வகுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. இலங்கைக்கு இவ்விரண்டாவது வழியே பொருத்தம் எனலாம். ஏனெனில் தீர்ப்புக் கிடைத்தும் பறிமுதல் செய்ய எதிரியிடம் வண்டியைத் தவிர வேறொன்றும் இல்லாத வழக்குகளுக்கே அது உதவும். லீசிங்கில் உள்ள வண்டியை ஏலமிடுவது நிதி நிறுவனத்தின் உரிமையோடு முரண்படும் என்ற ஆட்சேபம் எழலாம். ஆயினும் தவணை முடியும்வரை முழுக் காப்புறுதியை வலியுறுத்துவது அந்நிறுவனங்களின் வழக்கமாதலால், இவ்விதி பெரும்பாலும் கடன் தீர்ந்த வண்டிகளின் உரிமையாளர்களையே தொடும்.